குளிர்கால இமயமலைப் பயணத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்பவர் பனிச்சரிவைப் பற்றி என்னென்ன கற்றிருக்க வேண்டும்?

பாளை மலையேறி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் மலையேற்றக் குழுவை நான் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். மணிமுத்தாறு, மாஞ்சோலை, களக்காடு என்று வனத்துறை அனுமதி கிடைக்கும் பாதைகளில்தான் இதுவரை மாணவர்களை அழைத்துச் சென்றிருக்கிறோம். வருகிற ஜனவரியில் உத்தரகாண்டில் உள்ள கேதார்காந்தாவுக்குப் போக வேண்டும் என்று மாணவர்கள் விரும்புகிறார்கள். பொறுப்பான ஒருவர் உடன் செல்வதாக இருந்தால் ஆட்சேபணை இல்லை என்று நிர்வாகமும் சொல்லிவிட்டதால், அந்தப் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

நான் உத்தரகாசியில் அடிப்படை மலையேற்றப் பயிற்சியை முடித்தவன். பனியில் நடக்கவும், ஐஸ் ஆக்ஸைக் கொண்டு வழுக்கலை நிறுத்தவும், கயிற்றைக் கையாளவும் தெரியும். ஆனால் நான் பயிற்சி பெற்றது குளிர்காலத்தில் அன்று. புதிதாக விழுந்த பனி நிறைந்த மலைச்சரிவில் ஒரு குழுவை முன்னின்று நடத்திய அனுபவம் எனக்கில்லை. பயண ஏற்பாட்டாளர் ஒருவரிடம் பனிச்சரிவு மீட்புக் கருவிகளைப் பற்றிக் கேட்டபோது, "அதையெல்லாம் எங்கள் வழிகாட்டி பார்த்துக்கொள்வார், நீங்கள் கவலைப்பட வேண்டாம்" என்று பதில் வந்தது. அந்தப் பதில்தான் என் கவலையைக் கூட்டியது.

தலைவனாகப் போகிறவன் எதை முதலில் கற்க வேண்டும், எந்தக் கருவிகளைக் கையில் வைத்திருக்க வேண்டும், பனி என்பதையே காணாத நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு இவற்றில் எதையாவது பழகிப் பார்க்க முடியுமா என்பவையே என் கேள்விகள். அனுபவமுள்ளவர்கள் விரிவாகவே எழுதலாம், பொறுமையாகப் படிக்கிறேன்.

வள்ளியூர் முன்னாள் படைவீரர் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். மதராஸ் ரெஜிமெண்டில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். காஷ்மீரின் குளிர்காலம் எனக்குப் பழக்கமானது. மீட்பைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். மீட்பே தேவைப்படாமல் குழுவை நடத்துவது எப்படி என்பதை நான் எழுதுகிறேன், ஏனெனில் தலைவரின் வேலையில் பெரும்பங்கு அதுதான்.

பனிச்சரிவு என்றதும் எங்கோ உச்சியில் தானாக உடைந்து, கீழே நிற்பவன் மேல் வந்து விழும் ஒன்றாகவே நம்மவர்கள் நினைக்கிறார்கள். அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் மலையேறிகளையும் பனிச்சறுக்கு வீரர்களையும் புதைக்கும் சரிவுகளில் மிகப் பெரும்பாலானவை, சிக்கியவராலோ அவரோடு வந்தவராலோ தூண்டப்பட்டவை. மேலே காற்று அடித்து இறுக்கிய கெட்டியான அடுக்கும், அதற்கடியில் ரவையைப் போல ஒன்றோடொன்று ஒட்டாத பனிமணிகளாலான பலவீனமான அடுக்கும் இருக்கும்போது, ஓர் ஆளின் எடையே அடியடுக்கை நொறுக்கப் போதும். நொறுங்கல் பக்கவாட்டில் நொடியில் பரவ, மேலடுக்கு முழுவதும் பாளமாக உடைந்து இறங்கும். உடைகிற கோடு பல நேரம் நமக்கு மேலே தோன்றும் என்பதால், ஓடித் தப்பலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

இதற்குச் சாய்வு வேண்டும். பாளச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையுள்ள சாய்வுகளில் நிகழ்கின்றன. 38 பாகையை ஒட்டியே மிகுதி. 45 பாகையைவிடச் செங்குத்தான இடத்தில் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். 25 பாகைக்குக் கீழே பாளம் நகர்வது அரிது. ஆகவே தலைவர் கையில் இருக்க வேண்டிய முதல் கருவி சாய்வை அளக்கும் கிளினோமீட்டர். கைப்பேசியிலேயே அதற்கான செயலிகள் உள்ளன. ஊன்றுகோலைப் பனியின் மேல் படுக்க வைத்து அதன் மேல் கைப்பேசியை வைத்தால் போதும். கண்ணால் மதிப்பிடுவதை நம்பாதீர்கள், பழக்கமில்லாத கண் எப்போதும் தவறாகவே சொல்லும். ஒன்றை மறக்கக் கூடாது: நீங்கள் நிற்கும் இடம் சமதளமாக இருந்தாலும், உங்களுக்கு மேலே 35 பாகைச் சாய்வு தொங்கிக்கொண்டிருந்தால் நீங்களும் அதன் பாதையில்தான் இருக்கிறீர்கள்.

அடுத்தது வானிலை. குளிர்காலத்தில் அங்கே பனியைக் கொண்டுவருவது, மேற்கிலிருந்து நகர்ந்து வரும் காற்றழுத்தத் தாழ்வான மேற்கத்திய இடையூறு. அது கடந்து சென்று வானம் பளிச்சென்று வெளுத்ததும் மாணவர்களுக்கு உற்சாகம் பிறக்கும். ஆனால் பனி பொழிந்து முடிந்த முதல் 24 முதல் 48 மணி நேரம்தான் மிகவும் அபாயமானது. ஒரே நாளில் 30 சென்டிமீட்டர் அளவுக்குப் புதுப்பனி விழுந்திருந்தாலோ, பலத்த காற்று ஒரு பக்கத்துப் பனியை அள்ளி முகட்டின் மறுபக்கத்தில் குவித்திருந்தாலோ, வெயில் திடீரென்று ஏறினாலோ பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும். பக்கத்து மலைச்சரிவில் புதிதாகப் பனி சரிந்த தடம், காலடி வைத்ததும் 'வும்' என்று பனிக்குள் அமுங்கும் ஓசை, பாதத்திலிருந்து கண்ணாடி கீறியதுபோல் ஓடும் விரிசல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் விவாதத்துக்கே இடமின்றித் திரும்ப வேண்டும்.

சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறையின் புவித்தகவலியல் ஆய்வு நிறுவனமான டி.ஜி.ஆர்.இ. உத்தரகாண்ட், இமாச்சலம், காஷ்மீர் பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. 1969-இல் மணாலியில் தொடங்கிய பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனமே 2020-இல் இதனோடு இணைக்கப்பட்டது. எந்த மாவட்டத்தில், எத்தனை மீட்டர் உயரத்துக்கு மேல், எந்த அளவு அபாயம் என்று அந்த எச்சரிக்கையில் இருக்கும். அபாயத்தைக் குறிக்கும் ஐந்து படிகளில் நடுப்படியைக் கண்டு "பாதிதானே" என்று துணிவது பெருந்தவறு. ஐரோப்பாவில் உயிரிழப்புகளில் பெரும்பகுதி அந்த மூன்றாம் படி அறிவிக்கப்பட்ட நாள்களில்தான் நேர்ந்திருக்கிறது.

நம் ஊர் மலைப் பழக்கம் ஒன்றையும் இங்கே கழற்றி வைக்க வேண்டும். பொதிகையில் வழி தவறினால் ஓடையைப் பிடித்து இறங்கு என்பார்கள். பனிமலையில் அந்த ஓடைப் பள்ளம்தான் பொறி. பரந்த வெளியில் முழங்கால் உயரத்துக்கு மட்டும் பரவி நிற்கக்கூடிய சிறு சரிவுகூட, ஒடுங்கிய பள்ளத்தில் வந்து குவியும்போது ஆளுக்கு மேல் இரண்டு மூன்று மீட்டர் நிற்கும். முகட்டை ஒட்டியோ அடர்ந்த மரங்களுக்கு இடையிலோ நடத்துங்கள். சந்தேகமான மலைச்சரிவைக் கடந்தே தீர வேண்டுமென்றால் ஒருவர் பின் ஒருவராக, ஒருவர் பத்திரமான இடத்தை அடைந்த பிறகே அடுத்தவரை அனுப்ப வேண்டும். மற்ற அனைவரின் கண்ணும் கடப்பவர் மேலேயே இருக்க வேண்டும். ஊன்றுகோலின் கைப்பட்டைகளை அப்போது கழற்றிவிடச் சொல்லுங்கள்.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சோனம் காவல்நிலையின் மேல் பனிச்சுவர் இடிந்து விழுந்ததில் பத்துப் பேர் புதைந்தார்கள். பெரும்பாலோர் 19-ஆம் மதராஸ் படைப்பிரிவினர். நால்வர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஆறாம் நாளில் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு எடுக்கப்பட்டதை நாடே பார்த்தது. அவரும் பிப்ரவரி 11 அன்று மறைந்தார். அந்த ஆறு நாளை மனத்தில் வைத்துக்கொண்டு, புதைந்தவர் நெடுநேரம் தாக்குப்பிடிப்பார் என்று எவரும் கணக்குப் போட வேண்டாம். அது விதிவிலக்கிலும் விதிவிலக்கு.

தேரிக்காட்டான் எழுதியது:

அண்ணாச்சி சொன்னவற்றில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து மீட்பைப் பற்றித் தொடர்கிறேன். மணாலிப் பக்கம் குளிர்காலக் குழுக்களுடன் பணியாற்றிவிட்டு இப்போது திசையன்விளை அருகே சொந்த ஊரில் இருக்கிறேன்.

கேள்வியாளர் தலைவரின் திறமையை மட்டும் கேட்டிருக்கிறார். பனியை மிதித்துப் பாதை திறந்துகொண்டு முன்னால் போகிறவர் பெரும்பாலும் தலைவரோ வழிகாட்டியோதான். சரிவைத் தூண்டிப் புதையும் வாய்ப்பும் அவருக்கே அதிகம். அப்படி நேர்ந்தால் அவருடைய சான்றிதழும் அனுபவமும் அவரோடு சேர்ந்தே பனிக்கடியில் கிடக்கும். மேலே நிற்கும் இருபது வயதுப் பிள்ளைகளுக்குத் தேடத் தெரிந்திருந்தால் மட்டுமே அவர் பிழைப்பார். ஆகவே, "வழிகாட்டி பார்த்துக்கொள்வார்" என்ற ஏற்பாட்டாளரிடம், வழிகாட்டி புதைந்தால் யார் பார்த்துக்கொள்வார் என்று திருப்பிக் கேளுங்கள்.

வெளியிலிருந்து உதவி வரும் என்பதை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. சுவிட்சர்லாந்தின் நீண்டகாலத் தரவுகளின்படி, முழுவதும் புதைந்தவர்களில் பத்து நிமிடத்துக்குள் எடுக்கப்பட்டவர்களுள் பத்துக்கு ஒன்பது பேர் பிழைத்திருக்கிறார்கள். பத்திலிருந்து முப்பது நிமிடத்துக்குள் எடுக்கப்பட்டவர்களில் பிழைத்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். மாநிலப் பேரிடர் மீட்புப் படையோ இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையோ எவ்வளவு விரைந்தாலும் பத்து நிமிடத்தில் வர முடியாது. வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துச் செயற்கைக்கோள் தொலைபேசி வாங்கிச் செல்ல நினைப்பவர்கள் கவனிக்க: இந்தியாவில் முன் அனுமதியின்றி அதை வைத்திருப்பது குற்றம்.

ஒவ்வொருவரிடமும் மூன்று கருவிகள் இருக்க வேண்டும்: குறிகையை அனுப்பவும் மற்றவரின் குறிகையைத் தேடிப் பிடிக்கவும் உதவும் சிறு வானொலிக் கருவியான டிரான்சீவர், புதைந்தவரைப் பனிக்குள் குத்தித் துழாவ மடித்து நீட்டக்கூடிய புரோப் கம்பி, உலோகத் தகடு கொண்ட மண்வாரி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் ஏறத்தாழப் பயனற்றவை. டிரான்சீவர் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவது. எந்த நிறுவனத்தின் கருவியும் மற்றொன்றின் குறிகையைப் பிடிக்கும். முகாமை விட்டுக் கிளம்பும்போது எல்லோருடையதும் 'அனுப்பும்' நிலையில் இருக்கிறதா என்று தலைவர் ஒவ்வொருவராகத் தன் கருவியால் சோதித்தே அனுப்ப வேண்டும். வெளிச்சட்டைப் பையில் போடாமல் உள்ளடுக்கின் மேல் வாரால் பூட்டிக்கொள்ள வேண்டும். கைப்பேசியும், கேமராவும், மின்சூட்டுக் கையுறையும் குறிகையைக் கெடுக்கும் என்பதால், அனுப்பும் நிலையில் 20 சென்டிமீட்டர், தேடும்போது 50 சென்டிமீட்டர் தள்ளியே இவை இருக்கட்டும். கைப்பேசியை அணைத்துவிடுவது இன்னும் நல்லது.

சரிவு நிகழ்ந்ததும் தலைவரின் முதல் வேலை ஓடுவதன்று, நிற்பது. புதைந்தவர் கடைசியாகத் தெரிந்த இடத்தைக் கண்ணால் பிடித்து வைக்க வேண்டும். இரண்டாவது சரிவு வருமா என்று மேலே பார்க்க வேண்டும். தலைகளை எண்ண வேண்டும். பிறகு, மீந்திருக்கும் ஒவ்வொருவரும் தத்தம் கருவியைத் 'தேடும்' நிலைக்கு மாற்ற வேண்டும். ஒருவர் மறந்தாலும் எல்லோரும் அவரையே தேடிக்கொண்டிருப்பார்கள். இருவர் மூவர் கருவியுடன் தேட, மற்றவர்கள் பனிக்கு மேலே தெரியும் கையுறை, பை, ஊன்றுகோல் ஆகியவற்றைப் பார்த்தபடி புரோப்பையும் மண்வாரியையும் பூட்டித் தயாராக வேண்டும். தேடுபவர் குவியலில் ஏறக்குறைய 40 மீட்டர் அகலப் பட்டைகளாக நடந்து குறிகையைப் பிடித்த பின், கருவி காட்டும் அம்புக்குறியையும், மீட்டரில் குறைந்துவரும் தூர எண்ணையும் தொடர்ந்து போவார். எண் பத்தானதும் வேகத்தைக் குறைத்து, மூன்றானதும் கருவியைப் பனியை உரசும்படி தாழ்த்தி, திருப்பாமல் முதலில் நேர்கோட்டிலும் பிறகு அதற்குக் குறுக்காகவும் நகர்த்தி மிகக் குறைந்த எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். பதற்றத்தில் பலரும் தவறுவது இந்தக் கடைசி மூன்று மீட்டரில்தான், ஏனெனில் கை தன்னையறியாமல் வேகமாக ஆடும்.

அந்த இடத்திலிருந்து 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுழல்வட்டமாகப் புரோப்பை இறக்குங்கள். பனிப்பரப்புக்குச் செங்குத்தாக இறக்க வேண்டுமே தவிர, வானத்துக்குச் செங்குத்தாக அன்று. ஆள் மேல் பட்டதும் கம்பியைப் பிடுங்காமல் அப்படியே விட்டுவிட்டு, அதன் கோடுகளில் ஆழத்தைப் படித்து, ஆழம் ஒரு மீட்டருக்கு மேல் என்றால் அந்த ஆழத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரம் சரிவில் கீழே இறங்கி அங்கிருந்து உள்நோக்கித் தோண்ட வேண்டும். நேர் மேலே நின்று தோண்டினால் குழிதான் ஆழமாகும். புதைந்தவருக்கு இருக்கும் சிறு காற்றறையையும் மிதித்து மூடிவிடுவோம்.

தோண்டுவதுதான் மீட்பில் மிக நீண்ட வேலை. பயிற்சிகளில் மிகக் குறைவாகப் பழகப்படுவதும் அதுதான். சரிந்து நின்ற பனி நிமிடங்களில் இறுகிவிடும். ஒரு மீட்டர் ஆழத்தில் கிடப்பவரை எடுக்க ஒரு டன்னுக்கு மேல் பனியை அகற்ற வேண்டியிருக்கும். ஒருவர் முனையில் நின்று வெட்ட, இரண்டிரண்டு பேராக ஆங்கில 'வி' எழுத்து வடிவில் பின்னால் நின்று, பனியைத் தூக்கி எறியாமல் துடுப்புப் போடுவதுபோல் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். முனையில் நிற்பவர் ஓரிரு நிமிடத்திலேயே களைத்துவிடுவார். களைக்கும் முன்பே தலைவர் ஆளை மாற்ற வேண்டும். தலைவர் கையில் மண்வாரி இல்லாதிருந்தால்தான் இதையெல்லாம் கவனிக்க முடியும்.

இனி நம் ஊரில் பழகும் வழி. தேரி என்று நாம் சொல்லும் செம்மணல் மேட்டின் மணல் இதற்கு மிகவும் உகந்தது. குதிரைமொழித் தேரி காப்புக்காடு என்பதால் அங்கே தோண்டக் கூடாது. எங்கள் குடும்பப் பனங்காட்டிலேயே இடம் இருக்கிறது. பழந்துணி திணித்த சாக்குக்குள் அனுப்பும் நிலையிலுள்ள டிரான்சீவரை வைத்து அரை மீட்டர் ஆழத்தில் புதைத்து, மேற்பரப்பைச் சமன் செய்துவிட்டு, நிறுத்துகடிகாரத்துடன் தேடவிடலாம். புரோப் பனைவேரில் பட்டால் கையில் 'டக்' என்று எதிர்க்கும்; சாக்கில் பட்டால் உள்வாங்கி மெதுவாகத் திருப்பித் தள்ளும். அந்த வேறுபாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு உணரும்வரை பழக வேண்டும். உலோகப் பெட்டியில் கருவியை வைக்காதீர்கள், குறிகை வெளியே வராது. எக்காரணம் கொண்டும் மனிதரை மணலில் புதைத்துப் பயிற்சி செய்யக் கூடாது. மணலின் எடை மார்பை விரியவிடாமல் நிமிடங்களில் கொன்றுவிடும்.

சாய்வைப் பழக அதைவிட எளிய வழி உண்டு. கட்டட வேலைக்குக் கொட்டிய காய்ந்த மணல் குவியலின் பக்கம் 30 முதல் 35 பாகைக்குள் நிற்கும். மாணவர்களை முதலில் வாயால் சொல்லச் சொல்லிவிட்டு, பிறகு அளக்கச் சொல்லுங்கள். பனிச்சரிவுக்குத் தேவையான சாய்வு எவ்வளவு சாதாரணமாகத் தோன்றுகிறது என்பது அப்போது புரியும்.

தென்காசி நடையர் எழுதியது:

பெரியவர்கள் மன்னிக்கவும். கேதார்காந்தா வழக்கமான பாதையில் பெரும்பகுதி காட்டுக்குள்தான் போகிறது. குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாக மக்கள் போய்வரும் இடம் அது. அங்கே போகும் கல்லூரி மாணவர்களுக்குத் தலைக்கொரு டிரான்சீவர் என்பது சற்று மிகையாகப் படுகிறது. ஒரு கருவியே பல ஆயிரம் ரூபாய் விலை. இவ்வளவு அச்சுறுத்தினால் ஒருவரும் கிளம்ப மாட்டார்கள்.

வள்ளியூர் முன்னாள் படைவீரர் எழுதியது:

தம்பி தென்காசியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வானிலை நிலைத்த நாளில், காட்டுப் பாதையை விட்டு விலகாமல், உச்சிக்குச் செல்லும் திறந்த பகுதியில் முகட்டோடு ஒட்டி நடந்தால் அங்கே அபாயம் குறைவுதான். ஆனால் கூட்டம் போகிறது என்பது பனி கெட்டியாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. முன்னால் போனவரின் காலடித் தடமே மனிதரை ஏமாற்றும் பெரிய காரணங்களில் ஒன்று. முப்பதாவது ஆளின் காலில் உடைந்த சரிவுகளும் உண்டு.

பனிச்சரிவு மலையேறிகளை மட்டும் தேடி வருவதன்று. 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமின் நாதுலா சாலையில் இறந்த ஏழு பேரும் சுற்றுலா வந்தவர்கள். 2025 பிப்ரவரி 28 அன்று உத்தரகாண்டின் மாணா அருகே புதைந்த 54 பேர் சாலைப் பணியாளர்கள். அவர்களில் 46 பேர் மீட்கப்பட்டார்கள், பலரைக் காத்தது அவர்கள் தங்கியிருந்த இரும்புக் கன்டெய்னர்கள். மறுபுறம், 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா தண்டா மலையில் சிக்கியவர்கள் தேர்ந்த பயிற்றுநர்களும் அவர்களுடைய உயர்நிலைப் பயிற்சி மாணவர்களும். இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தெரியாதவர்களையும் தெரிந்தவர்களையும் அது ஒன்றுபோலவே எடுத்துக்கொள்கிறது.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. கருவிகளை விலைக்கு வாங்க வேண்டியதில்லை, வாடகைக்குத் தருபவர்கள் இருக்கிறார்கள். அதுவும் இயலாதென்றால், 30 பாகையும் அதற்கு மேலும் சாய்ந்த மலைச்சரிவுகளிலோ அவற்றின் அடிவாரத்திலோ குழுவைக் கொண்டுபோவதில்லை என்று முடிவு செய்துகொண்டு, உச்சியை விட்டுவிட்டு வாருங்கள். கருவி இல்லாத குழுவுக்கு அது ஒன்றே நேர்மையான வழி.

ஐகிரவுண்டு டாக்டர் எழுதியது:

அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிபவள் என்ற முறையில், ஆளை வெளியே எடுத்த பிறகான நிமிடங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பனிச்சரிவில் இறப்பவர்களில் பெரும்பாலோர், ஏறத்தாழ நான்கில் மூவர், மூச்சுத்திணறலால் இறக்கிறார்கள். மீதமுள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் பாறையிலும் மரத்திலும் மோதிய காயம். குளிரால் மட்டும் இறப்பவர்கள் மிகச் சிலரே. எனவே தோண்டும்போது முதலில் முகத்தையும் அடுத்து மார்பையும் விடுவிக்க வேண்டும். காலை விடுவிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. முகத்தை அடைந்த நொடியில் ஒருவர் இரண்டைக் கவனித்து மனத்தில் பதிக்க வேண்டும்: வாயும் மூக்கும் பனியால் அடைபட்டிருந்தனவா, முகத்துக்கு முன்னால் சிறிதளவேனும் காற்றறை இருந்ததா. சில நொடிகளில் அந்தத் தடயம் அழிந்துவிடும். ஆனால் பிறகு மருத்துவமனையில் எடுக்கப்படும் முடிவுகள் அதைப் பொறுத்தவை. புதைந்த நேரத்தையும் எடுத்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூச்சில்லை என்றால், தாமிரபரணியில் மூழ்கியவருக்குச் செய்வதைத்தான் இங்கும் செய்ய வேண்டும். இரண்டிலுமே இதயம் நின்றது ஆக்சிஜன் இல்லாததால். ஆகவே முதலில் ஐந்து முறை வாய்வழி மூச்சுக் கொடுத்துவிட்டு, பிறகு முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு என்று தொடர வேண்டும். மார்பை அழுத்துவது மட்டும் போதும் என்று பொதுவிடங்களில் கற்பிக்கப்படும் எளிய முறை இதயக் கோளாறால் திடீரென இதயம் நின்றவருக்கு உரியது, இதற்குப் போதாது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் புதைந்திருந்து, மூச்சுப்பாதை அடைபடாமல் இருந்தவருக்கு உடல்வெப்பம் 30 பாகை செல்சியசுக்குக் கீழே போயிருக்கலாம். அப்படிப்பட்டவரை உட்கார வைக்காமல், கிடைநிலையிலேயே, மிக மென்மையாகத் தூக்க வேண்டும். முரட்டு அசைவே அந்த இதயத்தின் துடிப்பைக் குலைத்துவிடும். கைகால்களைத் தேய்ப்பது, சூடேற்ற மது கொடுப்பது இரண்டும் கூடவே கூடாதவை. ஈர உடையை அகற்றி, தரைக்கும் உடலுக்கும் நடுவே பாயை விரித்து, உறங்கு பையில் சுற்றுங்கள். உறைந்து, நாடி தெரியாமல், விழிப்பாவை விரிந்து கிடந்தாலும் சம்பவ இடத்தில் நீங்களாகவே "போய்விட்டார்" என்று முடிவு செய்யாதீர்கள். அத்தகையவர்களைத் தகுந்த மருத்துவமனையில் சூடேற்றிப் பிழைக்க வைத்த நிகழ்வுகள் மருத்துவத்தில் உண்டு.

குழுவில் நால்வருக்காவது உயிர்மீட்பு முதலுதவியைப் பொம்மையின் மேல் பழக்கிவிட்டுக் கிளம்புங்கள். தடித்த கையுறையும் கனத்த உடையும் அணிந்தபடி ஒருமுறையேனும் அழுத்திப் பார்க்கட்டும்; இங்கே மின்விசிறிக்கடியில் செய்வதற்கும் அதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது.

பாளை மலையேறி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. முதலாவது, மாணவர்கள் திருக்குறள் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் பயணம் செய்து, வீட்டில் கெஞ்சிப் பணம் வாங்கி வருபவர்கள். உச்சிக்கு முந்தைய முகாமில் நான் திரும்பலாம் என்றால் முகம் சுருங்கும். உள்ளூர் வழிகாட்டி "போகலாம் சார்" என்று சொல்லிவிட்டால் என் சொல் எடுபடாது. இரண்டாவது, இந்தத் திறமைகளை முறையாகக் கற்க நான் எங்கே போக வேண்டும்?

தேரிக்காட்டான் எழுதியது:

முதல் ஐயத்துக்குத் தீர்வு மலையில் இல்லை, பாளையங்கோட்டையில் இருக்கிறது. எந்தெந்த நிலையில் திரும்புவோம் என்பதைப் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே எழுதி, மாணவர்களும் பெற்றோரும் கையொப்பமிடட்டும். முந்தைய 48 மணி நேரத்தில் புதுப்பனி இவ்வளவுக்கு மேல் விழுந்திருந்தால், எச்சரிக்கை மூன்றாம் படிக்கு ஏறியிருந்தால், காலை இத்தனை மணிக்குள் உச்சியை அடையாவிட்டால் என்று எண்ணாகவே எழுதுங்கள். களைத்து, குளிர்ந்து, ஆசையோடு நிற்கும் நேரத்தில் எடுக்கும் முடிவைவிட, வீட்டுத் திண்ணையில் அமர்ந்து எடுத்த முடிவு நிதானமானது. குழுவில் எவர் ஒருவர் "எனக்குச் சரியாகப் படவில்லை" என்றாலும், அவர் இளையவரே ஆனாலும், காரணம் கேட்காமல் நிற்பது என்ற விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகள் ஆசிரியர் முன்னால் மறுத்துப் பேசக் கூச்சப்படுவார்கள் என்பதால், ஒவ்வொரு மாலையும் நீங்களே பெயர் சொல்லி ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். அமைதியை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்ளூர் வழிகாட்டி மலையை உங்களைவிட நன்கு அறிந்தவர், அவர் போக வேண்டாம் என்றால் மறுபேச்சே கிடையாது. அவர் போகலாம் என்று சொன்னாலோ உங்கள் எழுத்தில் உள்ள விதியும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவதற்கு: அடிப்படைப் பயிற்சியில் 'ஏ' தரம் பெற்றிருந்தால் உயர்நிலைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குப் பின் உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தில் தேடுதல், மீட்புக்கென்றே தனிப் பயிற்சி இருக்கிறது. இடங்கள் விரைவில் நிரம்பிவிடும் என்பதால் வருகிற ஜனவரிக்குள் இவை முடியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இந்தமுறை பனிச்சரிவு மீட்பில் தேர்ந்த ஒருவரைத் தலைமைக்கு அமர்த்தி, நீங்கள் துணைத் தலைவராகச் செல்வதே என் ஆலோசனை. நிர்வாகத்திடம் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

அதற்குள் தேரியில் பயிற்சியைத் தொடங்கிவிடலாம். மழை ஓய்ந்து மணல் காய்ந்ததும் மாணவர்களை அழைத்து வாருங்கள். என்னிடம் இரண்டு டிரான்சீவர்கள் இருக்கின்றன. புதைக்க ஒன்று, தேட ஒன்று. ஆளுக்கொரு மண்வாரியும், புதிய ஆல்கலைன் பேட்டரிகளும், தேவையான குடிநீரும் கொண்டுவர வேண்டும். காலை ஆறு மணிக்கே தொடங்க வேண்டும், ஒன்பதுக்கு மேல் அந்தச் செம்மணலில் கால் வைக்க முடியாது. முதலில் உங்களைப் புதைந்தவராகக் கருதி ஓரமாக உட்கார வைத்துவிட்டு, நீங்கள் வாய் திறக்காமல் இருக்க, மாணவர்களை மட்டும் தேடவிடப் போகிறேன்.